‘கூட்டி’ என்றால் என்ன என்று கேட்ட அக்கா

வலது தோளில் வலி இருந்ததால் அந்த அக்கா இடது கையைத்தான் தூக்கினார். சுட்டுவிரலில் நீல நூல் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. பனியன் கம்பெனியில் கை தூக்கினால் யாராவது ஒருவர் வந்தே தீர வேண்டும். ஊசி உடைந்திருந்தால் மெக்கானிக் வருவார், தைக்கிற துணி பீஸ் தீர்ந்திருந்தால் ஹெல்பர் வருவார், வேறு ஏதாவது என்றால் சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வருவார். வந்தவர் ஏதாவது செய்துவிட்டுத்தான் போவார். தேர்வுக்கூடத்தில் அந்தக் கைக்கு நான் போனேன். எதுவும் செய்யக் கூடாது என்பதுதான் எனக்குக் கொடுக்கப்பட்டிருந்த வேலை.

தையல் ஆபரேட்டர்களுக்குச் செய்முறைத் தேர்வு வைத்துச் சான்றிதழ் தரும் ஒரு பயிற்சி மையம் திருப்பூர் பக்கம் அருள்புரத்தில் இருந்தது. அங்கே நான் கண்காணிப்பாளராகச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்கு முன் ஒன்பது வருடம் நானும் மிஷினில் உட்கார்ந்தவள்தான். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, நாலு பேர் ‘மேடம்’ என்று கூப்பிட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கூடத்தில் நடந்தால் சத்தம் கேட்க வேண்டும் என்று புதுச் செருப்பு வேறு வாங்கியிருந்தேன்.

தேர்வில் யாராவது சந்தேகம் கேட்டால் நான் சொல்லலாம் என்று விதித்தாளில் ஒரே வாக்கியம் இருந்தது: ‘வினாவை நன்றாகப் படித்துப் புரிந்துகொண்டு செய்யவும்.’ அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொன்றும் இருந்தது. வினாவே தெளிவாக இல்லை என்று ஒருவர் சொன்னால், அவர் கேட்டதை ஐயப் படிவத்தில் எழுதி மதிப்பீட்டாளருக்கு அனுப்பலாம். பதில் வரும்வரை அவருடைய நேரத்தை நிறுத்திவைக்கலாம். அந்தப் படிவத்தை யாரும் தொடுவதில்லை. தொட்டால் மேலேயிருந்து ஆயிரம் கேள்வி வரும், வாயை மூடிக்கொண்டு சுற்றி வந்தால் போதும் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்லியிருந்தார்கள். நானும் படிவக் கட்டை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.

அன்று காலை ஆதாரைச் சரிபார்க்கும்போதே அந்த அக்கா தன் கதையைச் சொல்லிவிட்டார். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு கம்பெனியில் பத்தொன்பது வருடமாகச் சிங்கர் மிஷின் ஓட்டுகிறார். எந்தக் கம்பெனி செய்த மிஷினாக இருந்தாலும், ஒற்றை ஊசியில் தைத்தால் திருப்பூரில் அதற்குப் பெயர் சிங்கர்தான். “தோள்பட்டை போயிருச்சுங்க மேடம். டாக்டர் மிஷினை விட்டுப்போடுன்னு சொல்றாருங்க. கம்பெனியில புதுசா வாரவங்களுக்குச் சொல்லிக்குடுக்கற வேலை ஒண்ணு இருக்குதுங்க. இந்த சர்டிபிகேட் இருந்தாத்தான் தருவாங்களாமா” என்றார். அந்த வேலை கிடைக்காவிட்டால் வலியோடு மிஷினில் உட்கார வேண்டும், அல்லது வீட்டில் உட்கார வேண்டும். வேறு வழி அவருக்கு இல்லை.

தேர்வில் இரண்டு பாக்கெட் தைக்க வேண்டும். முதலாவதை மிஷின் இருக்கிற அளவிலேயே தைக்கலாம். இரண்டாவதற்குத்தான் வினாத்தாள் இப்படிச் சொன்னது: ‘தையலைக் கூட்டித் தைக்கவும்.’ எழுதியவர் எங்கேயோ ஒரு ஏசி அறையில் உட்கார்ந்து எழுதியிருப்பார். அவர் மனதில் இருந்தது, ஓர் அங்குலத்தில் விழும் தையலின் எண்ணிக்கையைக் கூட்டுவது. எண்ணிக்கை கூடினால் தையல் பொடியாகும். ஆனால் கம்பெனியில் தையலைக் கூட்டு என்றால், மிஷினில் இருக்கும் டயலைப் பெரிய எண்ணுக்குத் திருப்பு என்று அர்த்தம். அப்படித் திருப்பினால் தையல் நீளமாகும். ஒரே சொல்லுக்கு நேர் எதிரான இரண்டு வேலை. கூடத்தில் இருந்த மற்ற இருபது பேரும் ஆளுக்கொரு பக்கமாக டயலைத் திருப்புவதை என் கண்ணாலேயே பார்த்தேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இரண்டு விதமாகவும் சொல்லக் கேட்டிருந்த அந்த அக்காவுக்கு மட்டும்தான் வந்தது.

“ஏனுங்க மேடம், இதுல கூட்டின்னு போட்டிருக்குதுங்க. எண்ணிக்கையைக் கூட்டோணுங்களா, டயலைக் கூட்டோணுங்களா?”

“வினாவை நன்றாகப் படித்துப் புரிந்துகொண்டு செய்யவும்” என்றேன்.

“படிச்சுட்டேனுங்க. புரியறதுக்குத்தானுங்க கேக்கறேன்.”

நான் மறுபடியும் அதே வாக்கியத்தைச் சொன்னேன். மூன்றாவது முறை சொல்லும்போது என் குரல் எனக்கே சகிக்கவில்லை. பதில் எனக்குத் தெரியும். மதிப்பெண் தாளில் அங்குலத்துக்கு இத்தனை தையல் என்று அச்சடித்தே இருந்தது. பதிலைச் சொல்லக் கூடாது என்பது சரிதான், அதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. மேசையைத் திறந்து படிவத்தை எடுத்திருக்கலாம். பத்தடி தூரம்கூட இல்லை. வந்த வேலை நிலைக்க வேண்டுமே என்று நின்றுகொண்டிருந்தேன். அக்கா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “செரீங்க, நீங்க என்ன பண்ணுவீங்க” என்று சொல்லிவிட்டு டயலைப் பெரிய எண்ணுக்குத் திருப்பினார். அந்த நீளத் தையல் ஒரு நூல்கூடப் பிசகாமல் அவ்வளவு அழகாக இருந்தது. அந்த ஒரு பாக்கெட்டால் தேர்வில் தோற்றார்.

ஏழு மாதம் கழித்து மறுபடி தேர்வுக்கு வந்தார். அந்த ஏழு மாதமும் மிஷினில்தான் உட்கார்ந்திருக்கிறார். சட்டைக் கைக்குள்ளிருந்து, வலிக்கு ஒட்டிய மருந்துப் பட்டையின் வாசனை வந்தது. இந்த முறை அவர் தேர்ச்சி பெற்றார், சொல்லிக்கொடுக்கும் வேலையும் கிடைத்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னை உறுத்துவது அது இல்லை. இந்த முறை வந்த வினாத்தாளிலும் பாக்கெட்டின் வாயை ‘உள்ளே திருப்பி’ என்று ஒரு வரி குழப்பமாக இருந்தது. இரண்டு மடிப்பா ஒரு மடிப்பா என்று யாருக்கும் தெரியாது. நான் ஐயப் படிவத்தை முன்கூட்டியே எடுத்து எழுதும் அட்டையில் சொருகிக்கொண்டு அவருடைய மிஷினைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கேட்பார், கேட்பார் என்று பார்த்தேன். அவர் அந்த வரியை விரலால் தடவித் தடவி நாலைந்து முறை படித்தார். நிமிரவே இல்லை.

இப்போதெல்லாம் தேர்வு தொடங்கும் முன்பே படிவத்தைத் தூக்கிக் காட்டி, தெளிவில்லாவிட்டால் கேளுங்கள், எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். என்னை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. ஒரு முறை ஒரு போன் வந்தது, அவ்வளவுதான். இதற்காகவா அன்று அப்படிப் பயந்து செத்தேன் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த இரண்டாம் தேர்வு முடிந்த சாயங்காலம், பஸ் நிறுத்தத்தில் அக்காவின் பக்கத்தில் போய் நின்றேன். “ஏங்க்கா இன்னைக்கு ஒண்ணுமே கேக்கல? அந்த வரியில உங்களுக்குச் சந்தேகம் இருந்துச்சுல்லா?” என்றேன்.

“இருந்துச்சுங்க. போன தடவை நான் கேட்டப்ப உங்க மொகம் போன போக்கைப் பார்த்தேனுங்க. பாவம், இந்தப் புள்ளைக்குச் சொல்லோணும்னு ஆசை, சொன்னா வேலை போயிரும், நாம போயி இப்படிக் கேட்டுப்போட்டமேன்னு ஊட்டுக்குப் போயும் அதே நெனப்பு.” பிறகு என் முழங்கையை லேசாகத் தொட்டார். “மறுக்காவும் எதுக்குக் கண்ணு உன்னையச் சங்கடப்படுத்தோணும்?”

அதற்கு மேல் மறைக்க முடியாமல் படிவத்தைப் பற்றிச் சொன்னேன். கேட்டால் எழுதி அனுப்பலாம், பதில் வரும், நேரமும் நிற்கும் என்றேன்.

பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பினார்.

“அது அன்னிக்கும் இருந்துச்சுங்களா?”

“இருந்துச்சுக்கா.”

டவுன் பஸ் வந்து நின்றது. “செரீங்க மேடம்” என்று சொல்லிவிட்டு அவர் ஏறிக்கொண்டார்.