அடித்தல் திருத்தல் இல்லாத அக்காவின் நோட்டு

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்குக் கட்டுரை எழுதச் சொன்ன பெரியப்பா, கூடவே ஒரு யோசனையும் சொன்னார். "பொறுமைசாலி, பக்தியுள்ள பொண்ணு, பெரியவங்க பேச்சைத் தட்டாதுன்னு எழுதும்மா. அந்தக் கம்பு விவகாரமெல்லாம் வேணாம். நாலு பேர் படிக்கிறது."

பெரியப்பாவிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அக்கா பொறுமைசாலி அல்லர். பேச்சைத் தட்டாதவரும் அல்லர். பக்தி நிறைய இருந்தது. அதை மற்றவர்கள் படி வைத்து அளக்க அவர் விட்டதில்லை. அந்த நாலு பேரும் படிக்க வேண்டும் என்றுதான் அந்தச் சிலம்பக் கம்பைப் பற்றியே எழுதுகிறேன்.

துக்க வீட்டில் என் காதுபடவே பேசினார்கள். "கம்பு சுத்திச் சுத்தி உடம்புல சூடேறிப் போச்சு. அதான் காமாலை." அந்தக் கோடையில் எங்கள் தெருவில் காமாலை கண்டவர்கள் பலர். அவர்களில் கம்பைத் தொட்டவர் அக்கா ஒருவர்தான். மற்றவர்களுக்கு எதனால் சூடேறியது என்று ஒருவரும் கேட்கவில்லை. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். இங்கே அந்தக் கண் நோயாளிக்கு இல்லை, பார்க்க வந்தவர்களுக்கு.

அக்கா பிறந்தது வையம்பட்டிப் பக்கம். மழை பொய்த்துக் கிணறும் வறண்டபோது அப்பா எங்களை அழைத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் வந்தார். திருச்சி மார்க்கெட்டில் வெங்காய மண்டியில் மூட்டை தூக்கினார். அக்கா பள்ளிக்கூடமும் போனார், குழாயடியில் நின்று தண்ணீரும் சுமந்தார், தெருப் பெண்களுக்கு ரவிக்கையும் தைத்தார்.

கோடையில் கொள்ளிடத்து மணலில் திருவானைக்காவல் வாத்தியார் ஒருவர் சிலம்பம் சொல்லிக்கொடுத்துவந்தார். கற்றுக்கொண்டவர்கள் எல்லாரும் ஆண்கள். அக்கா போய்க் கேட்டார். ஒரு வாரத்தில் ஓடிவிடும் என்று எண்ணி வாத்தியாரும் சரி என்றுவிட்டார். அக்காவை யாரோ வழியில் வம்புக்கு இழுத்தார்கள், அந்த வைராக்கியத்தில் கம்பெடுத்தார் என்று சிலர் கதை கட்டுகிறார்கள். அப்படி எதுவும் இல்லை. பார்த்தார், பிடித்தது, கேட்டார். ஆண்பிள்ளை கம்பு பிடித்தால் நாம் காரணம் கேட்கிறோமா?

வாத்தியாரிடம் ஒரு கட்டாயம் இருந்தது. தினமும் என்ன பழகினோம், எங்கே பழகினோம், உடம்பு எப்படி இருந்தது என்று ஒவ்வொருவரும் தன் கையால் ஒரு நோட்டில் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் அதை அவரிடம் காட்ட வேண்டும். அம்மன் கோயில் ஆடித் திருவிழாவில் களம் இறங்க விரும்புகிறவர்கள் அதற்கு முன்பு ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், இடைவிடாமல் பழகியிருக்க வேண்டும். மண்டலம் முடிந்ததும் நோட்டை அம்மன் படத்தின் முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டுவார்கள். பிறகு வாத்தியார் கம்பை எடுத்துக் கையில் தருவார்.

அக்காவுக்குக் களம் இறங்க ஆசை. அதைவிடப் பெரிய ஆசை அவருக்கு அந்த வயதில் வேறு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. விழாக் குழுவின் தலைவர் ஒரு மரக்கடை முதலாளி. அவர் மறுக்கவில்லை. சிரித்தபடி, "மண்டலம் முடிக்கட்டும், பாப்போம்" என்றார். அந்தச் சிரிப்புக்குப் பொருள் எல்லாருக்கும் தெரியும். பெண்ணுக்கு மாதம் மூன்று நாள் வீட்டுக்கு விலக்கு. பிறகு மண்டலமாவது, முடிப்பதாவது!

இதையெல்லாம் அச்சில் போடலாமா என்று அச்சகத்தார்கூடத் தயங்கினார். போடலாம் என்றேன். உலகத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்த செய்தி. மீதிப் பேரும் தெரியாதவர்கள் அல்லர்.

எங்கள் வீட்டில் அந்த மூன்று நாளும் அக்காவுக்குக் கொல்லைப்புறத்துக் கொட்டகைதான். அம்மா சோற்றுத் தட்டைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார், அக்கா எடுத்துக்கொள்வார். கைக்குக் கை எதுவும் கொடுக்கக் கூடாது. ஆனால் அந்த மூன்று நாளும் அக்காவுக்கு அடுப்பு வேலை இல்லை, தண்ணீர் சுமக்க வேண்டியதில்லை, யாரும் கூப்பிடப் போவதுமில்லை. தள்ளி உட்காரச் சொன்னார்கள். அக்கா தள்ளி நின்று கம்பு சுற்றினார்.

விலக்கான நாளில் நோட்டைத் தொடக் கூடாது, அது சரஸ்வதி என்று அம்மா தடுத்துப் பார்த்தார். அக்கா முன்கூட்டியே நோட்டையும் பென்சிலையும் கொட்டகையில் கொண்டுபோய் வைத்திருந்தார். நாலாம் நாள் அவர் தலைமுழுகி வந்ததும், மனசு கேட்காமல் அம்மா கம்பின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அப்போதும் மனசு கேட்காமல் நோட்டைப் பிரித்து அந்தப் பக்கங்களிலும் தெளித்தார். தீட்டைப் போக்குவதாக நினைத்து அதற்கு முத்திரை குத்திவிட்டார், பாவம்.

மண்டலம் முடிந்த வெள்ளிக்கிழமை நானும் அக்காவோடு போயிருந்தேன். வாத்தியாரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மரக்கடை முதலாளி அக்காவின் நோட்டை வாங்கிப் புரட்டினார். ஓரிடத்தில் நிறுத்தினார்.

"என்ன வாத்தியாரே இது, மஞ்சக் கறையா இருக்கு?"

வாத்தியாருக்கு விஷயம் தெரியும். வாரா வாரம் படித்தவர் ஆயிற்றே. முந்திக்கொண்டு, "சமையக்கட்டுல வச்சிருக்குமுங்க, பொம்பளப் புள்ள" என்றார்.

முதலாளியும் மூடிவிடப் போனார். அக்கா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும், அன்றைக்கே கம்பு கையில் வந்திருக்கும். அக்கா வாயைத் திறந்தார்.

"சமையக்கட்டு இல்லீங்க. படிச்சுப் பாருங்க."

அவர் படித்தார். "வீட்டுக்கு விலக்கு. கொல்லையில் பழகினேன். இடுப்பு வலி. காலடி சரியாக விழவில்லை. கம்பு சொன்னபடி கேட்டது." இதுதான் அந்த நாளின் குறிப்பு. முதலாளியின் முகம் கடுத்தது.

"அம்மன் முன்னாடி வைக்கிற நோட்டுல எழுதுற வார்த்தையா இது?"

வாத்தியார் அக்காவைத் தனியே அழைத்தார். "ஏம்மா, பழகினேன்னு எழுதினா பத்தாதா? அந்த வார்த்தை மேல ஒரு கோடு போட்டுடு. நான் எப்படியாவது பேசிக்கிறேன்."

"உடம்பு எப்படி இருந்துச்சுன்னு எழுதச் சொன்னது நீங்கதானே? இவங்க சுளுக்குன்னு எழுதலாம், காய்ச்சல்னு எழுதலாம். நான் எழுதினா மட்டும் கோடு போடணுமா?"

"ஆயிரம் இருந்தாலும் அம்மன் சந்நிதிம்மா."

"அம்மன் படிச்சுக்கட்டும் வாத்தியாரே. அவளுக்குத் தெரியாததா? இவருக்கு ஏன் பதறுது?"

அந்த வருஷம் அக்காவைக் களத்தில் விடவில்லை. வீட்டுக்கு வந்து ஓவென்று அழுதார். அழுகையை மறைக்கிற ஆளும் இல்லை அவர். மறுநாள் விடிந்ததும் கம்பை எடுத்துக்கொண்டு வாத்தியார் முன்னால் போய் நின்றார். ஆண்டு முழுதும் அதே நோட்டில், அதே சொல்லை, மாதந்தோறும் கூசாமல் எழுதினார். அம்மாவும் மாதந்தோறும் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். இருவரும் ஒருவரை ஒருவர் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை.

வாத்தியாரை அசைத்தது அந்த நோட்டுதான். அடுத்த ஆடிக்கு முன்பு அவர் முதலாளியிடம் நேருக்கு நேராகச் சொன்னாராம்: "என் பசங்க நோட்டுல ஒரு நாளும் வலி இல்ல, சோர்வு இல்ல. வெள்ளிக்கிழமை காலையில உக்காந்து ஒரு வாரத்தை ஒரே மூச்சுல எழுதுறானுங்க. எனக்குத் தெரியாதா? நடந்ததை எழுதுறது அந்தப் பொண்ணு ஒண்ணுதான். அது இறங்கலைன்னா என் ஆளுங்க ஒருத்தனும் இறங்கமாட்டான்." சிலம்பம் இல்லாமல் திருவிழா எப்படி நடக்கும்? முதலாளி இறங்கி வந்தார்.

திருவிழா அன்று காலை அக்காவுக்கு இரண்டாம் நாள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. நான்கூடச் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினேன். இறங்கும் முன் வாத்தியார் கையால் மறுபடி கம்பு வாங்க எல்லாரும் களத்து ஓரத்தில் நின்றிருந்தபோது அக்கா அவரிடம் போனார்.

"வாத்தியாரே, இன்னிக்கு நான் விலக்கு. இறங்கத்தான் போறேன். உங்ககிட்ட மறைச்சுட்டு இறங்க மாட்டேன். நீங்க கம்பைத் தரையில வைங்க, எடுத்துக்கிறேன்."

வாத்தியார் அம்மன் கோயில் பக்கம் பார்த்தார். மேளம் அடித்துக்கொண்டிருந்தது. அவர் கம்பைத் தரையில் வைக்கவில்லை. அக்காவின் கையில் கொடுத்தார்.

அன்று அக்கா ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களிலேயே பலர் இருப்பீர்கள். அம்மனுக்கு எந்தக் கோபமும் வரவில்லை. அந்த வருஷம் காவிரியில் நல்ல தண்ணீர்.

பிறகு அக்கா திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சர் ஆனார். அங்கும் மாணவிகளுக்கு முதல் பாடம் நோட்டுத்தான். "வலிச்சா வலிச்சுதுன்னு எழுது. முடியலைன்னா முடியலைன்னு எழுது. பொய் எழுதினா உடம்பு வளராது" என்பார். பெண் பார்க்க வந்தவர்கள் கம்பை விட்டுவிட வேண்டும் என்றபோது, "காப்பி ஆறிடும், குடிச்சுட்டுக் கிளம்புங்க" என்று சொல்லி அனுப்பினார். கல்யாணம் ஆகாத குறையோடு போய்விட்டார் என்று இரங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்: குறை எங்கள் அக்காவுக்கு இல்லை.

காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் நோட்டு தலைமாட்டில் இருந்தது. எழுத முடியாத நாள்களில் என்னை எழுதச் சொன்னார். "இன்னிக்கு ரெண்டு கையையும் மடக்கி நீட்டினேன். எழுது." கடைசி நாளன்று நான் கேட்டதற்கு, "ஒண்ணும் முடியல. அப்படியே எழுது" என்றார். அப்படியே எழுதினேன். எழுதிவிட்டு வராந்தாவில் போய் அழுதேன்.

அக்காவைக் காப்பாற்றப் போராடிய மருத்துவருக்கும், இரவும் பகலும் முகம் கோணாத நர்சுக்கும், எங்களுக்குச் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், தெருமுனைவரை கம்பும் கையுமாக வரிசையில் நின்ற மாணவிகளுக்கும், தள்ளாத உடம்போடு வந்து மாலை போட்ட வாத்தியாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

நிறைவாக அம்மாவுக்கு. இதை அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அக்காவின் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நான் வீட்டுக்கு விலக்கு. கொல்லையில் நின்றுகொண்டிருந்தேன். குளிப்பாட்ட உறவுப் பெண்கள் கூடிவிட்டார்கள். அம்மா அவர்களை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"அம்மா, நான் இன்னிக்கு..."

"தெரியும்டி. வா."

அக்காவின் தலைக்கு முதல் குடம் தண்ணீர் ஊற்றியது நான்தான். அன்று எங்கள் வீட்டில் கூடியிருந்த உறவினர் யாருக்கும் நான் விலக்கு என்பது தெரியாது. இப்போது தெரியட்டும்.