படகுக்குப் பிறந்த எஞ்சின்

ஞாயிறு காலை, நான் குடியிருக்கும் கிரவீனில் பால் வாங்கிக்கொண்டு திரும்புகையில், பழைய கார்க்காரர்களின் ஊர்வலம் ஒன்று தெருவைக் கடந்தது. கார்கள் போய்விட்டன, புகை போகவில்லை. எரிந்த ஆமணக்கெண்ணெயின் வாசம். கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் குமட்டல். உங்களுக்கு அது பேதி மருந்தை ஞாபகப்படுத்தலாம். எனக்கு அது யூட்டின் தலை.

யூட் மன்னார்க்காரன். இருவரும் பக்கத்துச் செவன் ஹில்ஸில் ஒரு கராச்சில் வேலை செய்தோம். பழைய பந்தயக் கார்களுக்கு உயிர் கொடுப்பது எங்கள் வெள்ளைக்கார முதலாளியின் பைத்தியம். நடுவில், போர்வைக்குள், ஓர் அமெரிக்கக் கார் கிடந்தது. நூறு வயது இருக்கும். ஓர் ஆள் ஒடுங்கி உட்காரும் அகலம்.

அந்தக் காலத்துப் பந்தய எஞ்சின்களுக்கு ஆமணக்கெண்ணெய்தான் ஊற்றுவார்களாம். டின் வந்த அன்று யூட் மணந்து பார்த்தான். உள்ளங்கையில் ஊற்றி உச்சியில் தேய்த்தும்விட்டான். "வெல்டிங் சூட்டுக்கு நல்லது மச்சான், நீயும் வை." வைத்தேன். எஞ்சினுக்கென்று ஏதேதோ கலந்த எண்ணெய் அது. எந்த ஷாம்புவுக்கும் மசியவில்லை. ரயிலில் எங்கள் பக்கத்துக் கதிரைகள் காலியாகவே வந்தன. முதலாளி சிரித்துச் சிரித்து இருமினார். நான் அதோடு விட்டேன். யூட் விடவில்லை.

தேநீர் நேரத்தில் முதலாளி அந்தக் காரைக் கட்டியவரின் கதையைச் சொல்வார். கார்பரேட்டர் செய்யத் தொடங்கிய மனிதர், பந்தயக் காருக்கு வந்து சேர்ந்தார். யார் கண்ணிலும் படாத பாகத்தைக்கூட நகைபோல் மினுக்குவாராம். வென்றார். நாடே நொடித்த காலத்தில் அவரும் நொடித்தார். அவருடைய எஞ்சின் மட்டும் வேறு பெயரில், வேறு ஆட்களின் கைகளில், வென்றுகொண்டே இருந்ததாம். அந்த எஞ்சினே முதலில் படகுக்குச் செய்ததிலிருந்து வந்தது என்று முதலாளி சொன்னபோது, யூட் தேநீரைக் கீழே வைத்தான். தகப்பனோடு கடலுக்குப் போனவன் அவன். கடலால்தான் இந்த நாட்டுக்கும் வந்தவன். அப்படி வந்தவர்களுக்கு விசா என்பது காத்திருப்பின் இன்னொரு பெயர்.

அன்றிலிருந்து அவனுக்கு ஒரே ஆசை. அந்தக் காரின் எஞ்சின் சத்தத்தைக் கேட்க வேண்டும்.

எஞ்சினை முந்திக்கொண்டு விசா முடிவு வந்தது. மறுத்துவிட்டார்கள், திரும்பிப் போக வேண்டும். அவன் புறப்படும் அன்று மூவரும் காரை முற்றத்தில் தள்ளு தள்ளென்று தள்ளினோம். இருமியது, புகைத்தது, ஓடவில்லை.

அவன் போன பிறகு ஒருநாள் ஓடியது. தகரக் கூரை அதிர்ந்தது. யூட்டின் நம்பரை அழுத்தி, போனை எஞ்சினுக்கு நேரே பிடித்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பிந்திய நாட்களில் அந்த நம்பரே இல்லாமல் போனது. மறுபடியும் எங்கேயோ வெளிக்கிட்டுவிட்டான் என்றார்கள் ஊராட்கள். எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. முதலாளியும் இப்போது இல்லை. காரை யாரோ மெல்பேர்னுக்குக் கொண்டுபோனார்கள். கராச் இருந்த இடத்தில் ஒரு பார்சல் கிடங்கு, ஜன்னலே இல்லாமல்.

அவன் புறப்பட்ட அன்று, ஓடாத காரை மறுபடி உள்ளே தள்ளிவைத்த பிறகு, யூட் பழந்துணியில் கையைத் துடைத்தான். காரின் பொனற் மூடியில், மாட்டைத் தட்டுவதுபோல், மெதுவாகத் தட்டினான்.

"ஓடினா எனக்குக் கேக்கப் பண்ணு, மச்சான்."

ஓம் என்றேன். விமான நிலையத்துக்குப் போகும் வானின் கதவைத் திறந்தவன் திரும்பிப் பார்த்தான்.

"சத்தம் படகோ காரோ எண்டு கேட்டுச் சொல்லுறன். போய்ட்டு வாறன்."