முன்னே போன சீர்

என் அத்தானை, அதாவது என் அக்காவின் புருஷனை, நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. கடைசியில் எனக்கு மனசு இளகிவிடும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

நான் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். ஆராய்ச்சிப் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது எக்சோசோம். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பைகளை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. அதைச் செல் கழித்துக் கொட்டும் குப்பை என்றுதான் முதலில் நினைத்தார்கள். உள்ளே புரதமும் ஆர்.என்.ஏ.வும் இருக்கின்றன, அது ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் சேதி என்பது பிறகுதான் தெரிந்தது. பொன்னமராவதியில் பாத்திரக் கடை வைத்திருக்கும் அத்தான் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு யார் வந்தாலும், "எங்க கொழுந்தியா குப்பையைப் பத்தி டாக்டர் பட்டம் வாங்கிருக்கு" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அக்கா சிரிக்க மாட்டாள்.

அக்காவுக்கு மார்பில் கட்டி வந்தது. ஆபரேஷன் முடிந்தது. மிச்சம் மீதியை அழிக்க கீமோ போட்டே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னார்.

"கட்டியத்தான் எடுத்தாச்சே, அப்பறம் எதுக்குடி?" என்றாள் என்னிடம்.

"நம்ம பக்கம் பொண்ணு போறதுக்கு முந்தியே சீர் போயிருதுல்ல? பீரோ, கட்டில்னு வேன்ல ஏத்தி எறக்கிருவாங்க. பொண்ணு அப்பறமா போய்க் குடியேறும். இந்தக் கட்டியும் அப்பிடித்தான்க்கா. அந்தப் பைகள்ல சீரை நுரையீரலுக்கு முன்னாடியே அனுப்பி எடத்தைத் தயார் பண்ணி வச்சுரும். பொறவு செல்லு போய் ஒக்காந்துக்கும்."

"அப்ப, சீர் போயிருச்சுன்னா?"

"அதான் பொண்ணை வழியிலயே மறிக்கணும்ங்கறேன்."

"சரி, போட்டுக்கிறேன்" என்றாள்.

அத்தான் விடவில்லை. முடி கொட்டிவிடுமாம். மகளுக்கு வரன் பார்க்கிற நேரத்தில் நாலு பேர் கேட்பார்களாம். ஊரில் புதிதாகத் திறந்த ஒரு கிளினிக்கில் எக்சோசோம் டிரிப் ஏற்றினால் புற்றுநோய் திரும்பவே திரும்பாது என்று யாரோ அவர் காதில் ஓதியிருந்தார்கள். "ஒன் குப்பை இப்ப மருந்தாயிருச்சு புள்ள!" என்று என்னிடமே வந்து சொன்னார். எந்தச் செல்லின் பை, உள்ளே என்ன சேதி, யார் சோதித்தார்கள் என்று கேட்டேன். இதெல்லாம் இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது, வேண்டாம் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"படிச்சவங்க பயமுறுத்தத்தான் லாயக்கு" என்றார்.

அக்கா அவர் பேச்சைத் தட்டவில்லை. டிரிப் ஏற்றிக்கொண்டாள். கீமோ போடவில்லை. நோய் நுரையீரலுக்குப் போனது. மூச்சுக்குத் தவித்துச் செத்தாள். கீமோ போட்டிருந்தால் பிழைத்திருப்பாள் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அவளுக்கிருந்த வாய்ப்பை இந்த மனிதர் பிடுங்கிக்கொண்டார். காரியத்தன்று, வெற்றிலையை மென்றுகொண்டே, "எல்லாம் விதி" என்றார்.

சில மாதம் கழித்து பொன்னமராவதி பஸ் ஸ்டாண்டில் அந்தக் கிளினிக்கின் பிளெக்ஸ் முளைத்தது. நீலச் சேலையில் அக்கா சிரிக்கிறாள். கீழே 'எக்சோசோம் சிகிச்சையால் புற்றுநோயை வென்றவர்' என்று எழுதியிருந்தது. டிரிப் ஏற்றிய புதிதில் அத்தான் எடுத்துக் கொடுத்த படம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். இவர்கள் செத்தவளையே மறைத்துவிட்டார்கள். கழற்றச் சொல்லுங்கள் என்று அத்தானிடம் போனேன்.

"இருந்துட்டுப் போகட்டும். சிரிச்ச மொகமா அழகாத்தான இருக்கா" என்றார்.

அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன். வருஷத் திதிக்காகக் காத்திருந்து, அதே நீலச் சேலைப் படத்தோடு போஸ்டர் அடிக்கப் போனேன்.

"நெனைவஞ்சலிக்கு இந்தப் படமாங்க? கொஞ்சம் அமைதியா இருக்கற படமாப் போடுவோமே" என்றார் பிரஸ்காரர். இதேதான் வேண்டும், பிளெக்ஸில் இருக்கிற அளவிலேயே வேண்டும் என்றேன். 'முதலாம் ஆண்டு நினைவஞ்சலி' என்று மேலே. படத்தின் கீழே அவள் மறைந்த தேதி. 'கண்ணீருடன்' என்ற இடத்தில், ஊர் வழக்கப்படி, கணவர் பெயர் முதலில், கடைப் பெயரோடு. ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. பிளெக்ஸுக்குப் பக்கத்திலேயே ஒட்டச் சொன்னேன்.

காலையில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் இதைப் படித்தார்கள், அதைப் படித்தார்கள், திரும்ப இதைப் படித்தார்கள். யாரோ கடைக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். நான் அங்கேயேதான் நின்றிருந்தேன். அந்த முகத்தைப் பார்க்காமல் போக எனக்கு மனசில்லை.

"ஊரு சிரிக்க வச்சுட்டியே புள்ள!"

"கிழிச்சுருங்க அத்தான். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

கையைத் தூக்கினார். சுற்றிலும் பார்த்தார். பெண்டாட்டியின் அஞ்சலியை நடு பஸ் ஸ்டாண்டில் கிழிக்க எந்தப் புருஷனுக்குத் துணிச்சல் வரும்? கை தானாகக் கீழே இறங்கியது. மத்தியானத்துக்குள் கிளினிக் ஆட்களே வந்து பிளெக்ஸைக் கழற்றிக்கொண்டு போனார்கள். போஸ்டர் மட்டும் நின்றது.

சாயங்காலம் புதுக்கோட்டையில் என் வீட்டுக்கு வந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"அதான் கழட்டிட்டாங்களே. இன்னும் என்னதான் வேணும் ஒனக்கு?" என்றார்.

அக்கா வேண்டும். அதை அவரிடம் கேட்டு என்ன பிரயோசனம்?

"ரெண்டாம் வருஷமும் ஒட்டுவேன் அத்தான்" என்றேன். "ஒங்க பேருதான் மொதல்ல வரும்."