ரோட்டோரம் எல்லாரும் சொன்ன பத்து ரூபாய்

திருவட்டாறு பக்கம் எங்கள் வீட்டு நடையை விட்டு இறங்கினால் ரோடு. கல்லும் மணலும் ஏற்றிய டாரஸ் லாரிகள் விடியும் முன்பே கேரளத்துக்கு ஓடத் தொடங்கிவிடும். என் வீட்டுக்காரர் அந்த ரோட்டைத் தாண்டித்தான் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போக வேண்டும். அவருக்கு வலது காது கேட்காது. லாரி வருவதும் அந்தப் பக்கமிருந்துதான். அவர் தாண்டி முடிக்கும்வரை வாசலிலேயே நிற்பேன். தாண்டிய பிறகும் ஒரு லாரி போனால் எட்டிப் பார்ப்பேன்.

ஒருநாள் ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். வண்டிகள் ஊருக்குள் மெதுவாகப் போக வழி செய்தால், அதற்கு மாதம் எவ்வளவு கொடுக்க மனசு வரும் என்று வீடுவீடாகக் கேட்டாள். முதலில் கேட்டது டீக்கடை அண்ணனிடம். அவர் பத்து ரூபாய் என்றார். பிறகு எங்கள் வரிசை முழுக்கப் பத்துதான். கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பிரிவுப் பணம் வசூலிக்க வந்தாலும் இங்கே இதே முறைதான். முதல் வீடு சொன்னதற்கு மேலே சொன்னால் பவுசு காட்டுவதாகப் பேச்சு வரும். குறைத்தால் வேறு பேச்சு. நானும் பத்து என்றேன்.

அவள் போன பிறகு இருப்புக் கொள்ளவில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான், இந்தக் கணக்கெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? ஆனாலும் ஒரு டீ விலை அளவுக்குத்தான் இவர்களுக்கு லாரிக் கவலை என்று படித்தவர்கள் நினைத்துவிட்டால்? லாரி இப்படியே ஓடுமே. அவளைப் பிடிக்க பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். ஸ்டாப் டீக்கடைக்கு முன்னால்தான்.

"மோளே, எனக்க பத்தை மாத்தி நூறுன்னு எழுது. பிரிவுன்னா மொத வீடு சொன்னதத்தான் சொல்லுவோம், அதான் பத்துன்னேன்."

டீக்கடை அண்ணன் விடுவாரா? "என்ன தங்கச்சி, லாட்டரி அடிச்சா?" என்றார்.

"எங்க வீட்டுக்காரருக்கு லாரி வாற பக்கத்துக் காது கேக்காது அண்ணே. அவிய தாண்டுறது வரைக்கும் எனக்கு உசிரு நிக்காது."

அவர் டீ ஆற்றுவதை நிறுத்தினார். கூப்பிட்டால் என் வீட்டுக்காரர் திரும்பாததை இத்தனை காலமும் தலைக்கனம் என்று நினைத்திருந்தாராம்.

நாங்கள் இதைப் பிரிவாக நினைத்தது அந்தப் பெண்ணுக்கும் அப்போதுதான் புரிந்தது. இது பிரிவே இல்லை, யாரும் வசூலிக்க வரமாட்டார்கள், இது உங்களுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று அறியத்தான் கேட்கிறோம் என்றாள்.

"அத மொதல்லேயே சொல்லாண்டாமா? எனக்க பத்தையும் வெட்டு. எனக்க மகளும் இந்த ரோட்டுலதான் சைக்கிள்ல போறா" என்றார் டீக்கடை அண்ணன்.

பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. முதல் வீட்டிலிருந்து மறுபடி தொடங்கினாள். இம்முறை ஒருவர் சொல்வது அடுத்தவருக்குக் கேட்காதபடி, ஆளைத் தனியே அழைத்துக் கேட்டாள்.

மறுநாள் விடியலில் என் வீட்டுக்காரர் இறங்கியபோது, டீக்கடை அண்ணன் ரோட்டோரம் வந்து கையைத் தூக்கி நின்றார். லாரி வேகத்தைக் குறைத்தது.