கெம்பம்மா கூப்பிட்டால் வரும் எலிகள்

கூப்பிடாமல் எந்த உயிரையும் தொடக்கூடாது என்பது கெம்பம்மா வீட்டு வழக்கம். பேரிகையில் மாடு கன்று இருந்தவரை அப்படித்தான் இருந்தாள். நிலம் கைவிட்டுப் போய், ஓசூரில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் எலி பராமரிக்க வந்த பிறகும் அவள் அதை விடவில்லை. தீனி வைக்கும்போதும் கையில் தூக்கும்போதும், வீட்டில் பேசும் கன்னடத்திலேயே “பா கந்தா, பா” என்பாள். வா கண்ணே என்று அர்த்தம். அங்கே எல்லோரும் நீல அங்கி, கையுறை, முகக்கவசம் என்று ஒரே அச்சாக இருப்பார்கள். எலிகளுக்கு அவள் குரல்தான் அடையாளம். கேட்டதும் கூண்டின் வாய்க்கு ஓடிவரும். கூட வேலை செய்கிறவர்கள் எலியம்மா என்று கேலி செய்தார்கள். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

கூடத்தில் நடந்தது பயத்தைப் பற்றிய ஆராய்ச்சி. ஒரு மணி ஒலிக்கும், பெட்டியின் அடிக்கம்பிகளில் மின்சாரம் பாயும், உள்ளே இருக்கும் எலி துள்ளும். நாலைந்து நாளில் மணி கேட்டாலே அது விறைத்து நிற்க வேண்டும். பிறகு மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள். மனிதர்களின் பயத்தைத் தீர்க்கத்தான் இத்தனையும் என்று ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் சுவாதி சொல்லியிருந்தார். சுவிட்சைப் போடுவது நான் இல்லையே, தூக்கிப் பெட்டியில் விடுவதோடு சரி என்று கெம்பம்மா மனதைத் தேற்றிக்கொண்டாள். அப்படித் தேற்றிக்கொள்ளாமல் எந்த வேலையைத்தான் செய்ய முடிகிறது?

ஐந்தாம் நாள் காலை தீனி வைத்துக் கூப்பிட்டாள். ஒன்றும் வரவில்லை. இருபது கூண்டிலும் எலிகள் மூலையோடு ஒட்டிக்கொண்டு, மீசைகூட ஆடாமல் அவளையே பார்த்தன. அதுவரை கேட்டுக்கொண்டிருந்த சுரண்டலும் கீச்சலும் ஒரே நொடியில் நின்றுவிட்டன. அவள் ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னாள்.

சுவாதி வந்து மணியை ஒலிக்கவிட்டார். எலிகள் சட்டை செய்யவில்லை. பிறகு கெம்பம்மாவிடம் எலிகளைக் கூப்பிடச் சொன்னார். எல்லாம் மறுபடி விறைத்தன. மணிக்கு முன்பே அவற்றின் காதில் விழுந்தது இவள் குரல். மணியை விட்டுவிட்டு அவை இவளைக் கற்றுக்கொண்டிருந்தன.

திட்டு விழப்போகிறது என்று நின்றாள். சுவாதிக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. மணியைவிட இது நன்றாக வேலை செய்கிறது என்று சொல்லி, அந்தக் குரலைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டார்.

அடுத்த வாரம் புது எலிகளின் முறை. கண் திறக்காத குட்டிகளாக இருந்ததிலிருந்து கெம்பம்மா வளர்த்தவை.

“எப்பவும்போல கூப்புட்டுத் தூக்குங்கக்கா” என்றார் சுவாதி.

“என்னால ஆவாதுங்க மேடம். அதுங்க என்ன நம்பி வருதுங்க.”

சுவாதி வற்புறுத்தவில்லை. பெட்டியைக் கூண்டின் வாயோடு ஒட்டி வைத்தார். உள்ளே கைப்பேசியை வைத்து ஒரு தட்டு தட்டினார். கெம்பம்மா வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள். பெட்டிக்குள்ளிருந்து அவள் குரல் “பா கந்தா, பா” என்றது. குட்டிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு உள்ளே ஓடின.