மாமியின் வயலுக்கு மேலே

என் மனைவியின் தங்கையைக் கட்டியவர் பறப்பவர். விமானத்தில் அல்ல, துணி இறக்கையில். ஓமானில் வேலை செய்த ஒன்பது வருடங்களில், வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் அங்குள்ள மலைகளுக்குப் போய்ப் பழகிக்கொண்ட பராகிளைடர் பழக்கம். கல்யாணம் முடித்து எட்டு மாதமாக நிந்தவூரில் மாமியின் வீட்டில் இருக்கிறார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது. நானும் அப்படிப் போனவன்தான், பதினேழு வருடத்துக்கு முன்னர். எனக்கும் மாமிக்கும் இடையில் இப்போது ஒரு மதில்தான். அவருக்கும் மாமிக்கும் இடையில் அதுகூட இல்லை.

முஹர்ரம் பிறந்த மாதம் அது. வயல்களில் நெல் வெட்டுத் தொடங்கியிருந்தது. மேற்கே உள்ள மலையிலிருந்து மூன்று நாள் பறக்கும் போட்டி ஒன்று நடந்தது. பதினாறு பேர், அதில் நம் நாட்டவர் ஐந்து பேர், நம் கரையோரத்தான் அவர் ஒருவர் மட்டும். மலை உச்சியிலிருந்து கிளம்பி, வழியில் குறித்துக் கொடுத்த இரண்டு இடங்களைத் தொட்டு, கடைசியில் இரண்டு கொடிகளுக்கு நடுவே உள்ள முடிவுக்கோட்டை வானிலேயே கடக்க வேண்டும். எஞ்சின் இல்லை. நிலத்திலிருந்து சூடாகி எழும் காற்றைத் தேடிப் பிடித்து, அதற்குள் வட்டமடித்து உயர்ந்து, பிறகு அடுத்ததுவரை சறுக்கிப் போவதுதான் முழு வித்தையும். எங்கே இறங்குகிறாரோ அங்கே போய் ஏற்றிவர ஒரு வேன் தேவை. வேன் என்னுடையது.

முதல் நாள் ஒன்பதாவது கிலோமீற்றரில் கரும்புக்குள் இறங்கினார். இரண்டாம் நாள் பாதி வழியில் ஒரு குளக்கட்டில். இரண்டு நாளும் தேநீர்க் கடையில் இருந்தவர்கள் விடவில்லை.

"பரசூட் மாப்பிள்ள, இண்டைக்கு எத்தினாம் மைல் கட்டையில பாய விரிச்ச?"

"அடுத்த முற பஸ்ஸுக்கும் சல்லிய கொண்டு போ தம்பி."

அவர் சிரித்துக்கொண்டே தேநீரைக் குடித்தார். ஆனால் இரண்டாம் நாள் இரவுச் சாப்பாட்டில் கை வைத்தவர் பாதியில் எழுந்துவிட்டார் என்று என் மனைவி சொன்னாள். பரிசு கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும். பெண் எடுத்த ஊரில், ஒரு தடவையாவது போய்ச் சேர்ந்தவன் என்ற பேர் வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

மூன்றாம் நாள் சனிக்கிழமை, போட்டியின் கடைசி நாள். காலை எட்டு மணிக்கே கச்சான் எழுந்துவிட்டது. மேற்கிலிருந்து வரும் அந்த உலர்ந்த காற்றைப் பார்த்து ஏற்பாட்டாளர்கள் முடிவிடத்தைக் கரைப்பக்கம் வைத்தார்கள். வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டிய இடம் நிந்தவூர்ப் பள்ளிக்கூட மைதானம். சகலன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அண்ணன் முறைக்காரரைக் காக்கா என்பது எங்கள் வழக்கம்.

"காக்கா, வீட்டுக்குச் சொல்ல வேணாம். வந்தா வருவன். வராட்டி ஒருத்தருக்கும் தெரியத் தேவல்ல."

அவருடைய மனைவி வேனின் முன் சீற்றில் போனுடன் இருந்தாள். "நான் உம்மாக்கு எடுத்துச் சொல்லிட்டன்," என்றாள்.

"அப்ப ஊருக்கே சொன்னாச்சி," என்றார் அவர்.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு அவர் கால் பாறையை விட்டது. நீல இறக்கை, ஓரங்களில் வெள்ளை. ஐந்து நிமிடத்தில் மற்றவர்களோடு சேர்ந்து ஒரே சுழலில் ஏறிக்கொண்டிருந்தார்; அவர்களுக்கு மேலே இரண்டு செம்பருந்துகள். நாங்கள் வேனை எடுத்தோம். அவர் இருக்குமிடம் மச்சினியின் போனில் ஒரு புள்ளியாக நகர்ந்தது. அவருடைய குரல் என் ரேடியோவில் வந்தது.

முதல் ஒரு மணித்தியாலம் நன்றாகப் போனது. பிறகு ஒரு குளத்துக்கு அப்பால் அவர் உயரம் இழக்கத் தொடங்கினார். அறுநூறு மீற்றர், நானூறு, முந்நூறு. குரலில் உற்சாகம் இல்லை. "காக்கா, கிட்ட நிண்டுக்கங்க. இறங்குவன் போல இரிக்கி."

"இறங்கிட்டாராண்டு கேளுங்க மச்சான்," என்றாள் அவள், போனைப் பார்க்காமல்.

வேனை நிறுத்தினேன். எங்களுக்கு வலப்புறம் ஒரு வயலில் நெல் வெட்டும் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் எழுந்த தூசும், நெல்லின் பதரான சாவியும் கச்சானோடு கிழக்கே சாய்ந்து போகவேண்டும். ஆனால் அந்த ஒரு இடத்தில் மட்டும் அது சுழன்று நேராக மேலே போனது. அவருக்கு முன்னால் பறந்த வெள்ளைக்காரர் ஒருவர் அதைக் கவனிக்காமல் தாண்டிப்போய், இரண்டு வயல் தள்ளித் தரையில் இறங்கினார். நம்மவர் திரும்பினார். மெசினுக்கு நேர் மேலே வந்து வட்டமடித்தார். வெள்ளாமைக்கார வீட்டில் பிறந்தவருக்குச் சாவி பறப்பதை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. இறக்கை ஒரு தடவை உதறியது, பிறகு ஏறியது. மெசின்காரர் ஆசனத்தில் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றி அண்ணாந்து பார்த்தார்.

"ஆயிரத்தி இருநூறு காக்கா. இப்ப எல்லாக் குளமும் தெரியிது."

எந்தக் குளம் எது என்று அவர் பேர் சொல்லிக்கொண்டே போனார். மச்சினி ரேடியோவை என் கையிலிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

சம்மாந்துறை தாண்டியதும் நான் பயந்தது நடந்தது. பிற்பகலில் மேலே எவ்வளவு கச்சான் அடித்தாலும், தரையோடு ஒட்டிக் கடற்காற்று உள்ளே வரும் நாட்கள் உண்டு. கரையில் வளர்ந்த எவருக்கும் அது தெரியும். மேலே முதுகில் தள்ளிய காற்று, கீழே முகத்தில் அடிக்கத் தொடங்கியது. நாங்கள் முந்திக்கொண்டு மூன்று ஐந்துக்கு மைதானத்துக்கு வந்து சேர்ந்தோம். ஏற்கெனவே இரண்டு பேர் கோட்டைக் கடந்து இறங்கி இறக்கையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

முந்நூறு பேராவது நின்றிருப்பார்கள். தேநீர்க் கடையே எழுந்து வந்திருந்தது. மைதானத்துக்கு மேற்கே, மஞ்சள் கொடிகளுக்கு வெளியே, மாமியின் இரண்டரை ஏக்கர் வயல். மாமா உயிரோடு இருந்த காலத்திலும் வெள்ளாமை மாமியின் கையில்தான் இருந்தது. கதிர் முற்றித் தலை சாய்ந்து, ஒரே மஞ்சளாகக் கிடந்தது. வரம்பு நீளத்துக்கும் சனம். அவர்களுக்கு நடுவே, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, மாமி.

நீல இறக்கை தென்னைகளுக்கு மேலால் தெரிந்தது.

"வாறான்டா, வாறான்."

"மாப்பிள்ள, இஞ்சால, இஞ்சால."

எனக்கு அது நெருக்கமான கணக்கு என்று தெரிந்தது. வயலின் மேற்கு ஓரத்துக்கு வரும்போது அறுபது மீற்றர் உயரம் இருக்கும். கோட்டுக்கு இன்னும் முந்நூறு மீற்றர், எதிர்காற்றில். போய்ச் சேர்ந்தாலும் சேரலாம். சேராவிட்டால் நடு வயல். வேறு யாராக இருந்தாலும் நேரே விட்டிருப்பார்கள். முந்தின நாள் ஒரு இத்தாலிக்காரர் வேறொருவருடைய வயலில் அப்படித்தான் இறங்கினார். சகலன் வயலுக்குள் கொஞ்சத் தூரம் வந்தார். அவருடைய சப்பாத்தின் அடிப்பாகம்கூட எனக்குத் தெரிந்தது. பிறகு இடது கையை இழுத்தார். இறக்கை சாய்ந்து திரும்பியது. வயலின் ஓரமாகப் போகும் வாய்க்கால் ரோட்டில், ஒரு மாட்டுக்குப் பக்கத்தில், நின்றபடியே இறங்கினார்.

முந்நூறு பேரும் ஒன்றாக மூச்சை விட்ட சத்தம் கேட்டது. பிறகு யாரோ ஒருவர், "இதுக்கா ரெண்டு மணித்தியாலம் வெயில்ல நிண்ட?" என்றார்.

நான் போன நேரம் அவர் கயிறுகளைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். மைதான வேலிவரை எட்டு வைத்து நடந்து அளந்து பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு எட்டு. அவரிடம் சொல்லவில்லை. மச்சினி அவருடைய தலைக்கவசத்தை வாங்கிக்கொண்டு, ஒரு போத்தல் தண்ணீரைக் கொடுத்தாள்.

வேனில் நான் ஓட்ட, அவர் எனக்குப் பக்கத்தில். பின் சீற்றில் என் மனைவி, மச்சினி, மாமி. மாமி இன்னும் அவரோடு நேரே கதைப்பதில்லை. புது மருமகனோடு எங்கள் வீடுகளில் மாமிமார் அப்படித்தான். இளைய மகளைப் பார்த்துச் சொன்னார்.

"ஏன் திரும்பினதெண்டு கேளுகா."

கேட்டவருக்கும் கேட்கப்பட்டவருக்கும் இடையில் இரண்டு அடி இருக்கும். மச்சினி அதை அப்படியே திருப்பிச் சொன்னாள். "ஏன் திரும்பினதெண்டு உம்மா கேக்கிறா."

"மாமிர வயல்," என்றார் அவர், முன் கண்ணாடியைப் பார்த்தபடி.

"ஊரே பாத்துக்கிட்டு நிக்கக்குள்ள, நாலு கதிர் சாஞ்சா என்னவாமெண்டு கேளு. நாளைக்கு அந்தக் கடையில இரிக்கிற ஆக்கள் என்ன கதைப்பாங்கெண்டு கேளு."

அவர் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகி மூடினார். பிறகு, "நான் தனிய இறங்கினா ஒரு பாய் விரிக்கிற அளவுதான் சாயும். அது பெரிசில்ல. மேலால பாக்கக்குள்ள வரம்பு முழுக்க ஆக்கள். நான் நடுவுல விழுந்தா ஒருத்தரும் சுத்தி வரமாட்டாங்க. எல்லாரும் வயலுக்குள்ளால ஓடி வருவாங்க. பொறகு வெட்டுறத்துக்கு ஒண்டும் மிஞ்சாது. அதச் சொல்லு உம்மாக்கு," என்றார்.

மச்சினி இதைத் திருப்பிச் சொல்லவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"உம்மாதான் முதல்ல ஓடியிருப்பா," என்றாள். "செருப்பக் கழட்டிக் கையில வெச்சிக்கிட்டு நிண்டா. நான் கண்டன்."

"செருப்புக்குள்ள மண்," என்றார் மாமி.

என் மனைவி முதலில் சிரித்தாள். பிறகு முன் சீற்றில் அவரும். கண்ணாடியில் பார்த்தேன், மாமி யன்னல் பக்கம் திரும்பி, முந்தானையால் வாயை மூடியிருந்தார். வீட்டு வாசலில் வேனை நிறுத்தினேன். மாமி இறங்கியதும் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"திங்கக்கிழம மெசின் வருகிது. அதுக்குப் பொறகு எங்க வேணுமெண்டாலும் இறங்கட்டும். சொல்லு."

போட்டி முடிந்துவிட்டது என்று நாங்கள் ஒருவரும் மாமிக்குச் சொல்லவில்லை.