வளைகாப்புப் பாட்டு முடிஞ்சா எந்திரிச்சிருங்க

வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனிப் பெண்கள் படத்துக்குப் போவதென்றால் முதலில் துணி செக்கிங் பார்க்கும் மருதாளிடம்தான் கேட்பார்கள். கதை எப்படி என்று கேட்க மாட்டார்கள். யார் எந்தக் கட்டத்தில் எழுந்து வெளியே போக வேண்டும் என்றுதான் கேட்பார்கள். பதினோரு வருசம் பிரசவ வார்டில் ஆயாவாகக் கிடந்து வந்தவள் மருதாள். எவளுக்கு எது ஆகாது என்பது அவளுக்கு அத்துப்படி. "கொள்ளி வைக்கிற கட்டம் வருது ராமாயி, போய்த் தண்ணி குடிச்சுட்டு வா கண்ணு" என்று தியேட்டரிலேயே முதுகைத் தட்டுவாள். பக்கத்து சீட்டுக்காரர் முறைத்தால், "உங்களுக்கென்னங்க, நோகறவளுக்குத்தானுங்க நோவு தெரியும்" என்பாள்.

சினிமாக்காரன் செய்ய வேண்டிய வேலை இது. அவன் எங்கே செய்தான்? டிக்கெட்டைக் கிழித்து உள்ளே விட்டால் அவன் பாடு தீர்ந்தது.

தொண்ணூற்றொன்றாம் வருச ஆயுத பூசைக்கு முதலாளி ஈஸ்வரமூர்த்தி வீடியோ டெக் வாடகைக்கு எடுத்துக் கம்பெனியிலேயே படம் போட்டார். மிஷின்களுக்குச் சந்தனம் பூசி நிறுத்தியாயிற்று. கட்டிங் டேபிள் மேல் டிவி. படம் முடிந்துதான் பொரி கொடுப்பார்கள், அதுவரைக்கும் யாரும் ஊட்டுக்குப் போக முடியாது. என்ன கேசட் என்று மருதாள் முதலிலேயே விசாரித்துவிட்டாள். பிரசவ ஆஸ்பத்திரிப் படம். அதைத் தியேட்டரில் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தாள்.

"வளைகாப்புப் பாட்டு முடிஞ்சா எந்திரிச்சிருங்க. அதுக்கப்புறம் வர்றது பாக்கற மாதிரி இருக்காது" என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தாள். கண் மட்டும் ஓவர்லாக் மிஷின் தைக்கும் வேலாத்தாள் மேலேயே இருந்தது.

இரண்டு வருசத்துக்கு முன் மருதாள் இருந்த வார்டில் வேலாத்தாளுக்குப் பிறந்த குழந்தை அழவேயில்லை. அதை அவளுக்குக் காட்டவும் இல்லை. காட்டினால் பெற்றவள் தாங்க மாட்டாள் என்பது அந்த வார்டின் வழக்கம். மயக்க ஊசியில் கிடந்தவளின் கட்டிலைத் தாண்டி, குழந்தையைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுபோனது மருதாள்தான். அடுத்த மாசமே அந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தாள். பின்னாலேயே வேலாத்தாளும் இதே கம்பெனிக்கு வந்து சேர்வாள் என்று யார் கண்டது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு, மருதாள் தினம் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். படத்திலும் ஓர் ஆயா அப்படித்தான் சுற்றி எடுத்துக்கொண்டு போவாள். அதைப் பார்த்து, "அன்னைக்கு எடுத்துட்டுப் போனது ஆருங்க" என்று வேலாத்தாள் கேட்டுவிட்டால்? மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்.

"பொரி பொட்டலம் கட்டலாம், வா கண்ணு" என்று கூப்பிட்டுப் பார்த்தாள்.

"பாட்டு முடியட்டுங்க்கா, வந்தர்றேன்" என்றாள் வேலாத்தாள்.

பாட்டு ஆரம்பித்தது. நாலு மணிக்குக் கரண்ட் போய்விடும் என்று மேனேஜர் சீனிச்சாமி பாட்டை வேகமாக ஓட்டித் தள்ளிவிட்டார். அந்த மனுசனைச் சொல்லிக் குற்றமில்லை. டெக்கில் படம் பார்க்கிற யார்தான் பாட்டை முழுசாக விட்டார்கள்? எத்தனையோ படத்துக்கு வழி சொன்ன மருதாளுக்கு இது மட்டும் தோணாமல் போயிற்று. கோடு கோடாக ஓடிய படம் நின்ற இடம் பிரசவ அறை.

ஒருத்திக்கும் எழுந்திருக்க நேரமில்லை. மருதாள் பாய்ந்துபோய் டிவியை மறைத்து நின்றாள். முதுகுக்குப் பின்னால் படத்துப் பெண் கத்திக்கொண்டிருந்தாள்.

"வேலாத்தா, வெளிய போயிரு."

"தள்ளுங்க்கா. நான் பாக்கோணும்."

"வேண்டாஞ் சாமி."

"எப்படி எடுத்துட்டுப் போவாங்கன்னாவது பாக்கறனுங்க. என்ற புள்ளயத்தான் காட்டலையே."

மருதாள் தள்ளி நின்றாள். வேறென்ன செய்வாள்? படத்து ஆயா துணியைச் சுற்றினாள், கதவைத் தாண்டிப் போனாள். வேலாத்தாள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

படம் முடிந்து எல்லாரும் பொரி வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். வேலாத்தாள் தன் மிஷின் பக்கத்திலேயே நின்றாள். மருதாள் கிட்டப் போனதும் மெதுவாகச் சொன்னாள்.

"மயக்கத்துலயும் உங்க கொரலு கேட்டுச்சுங்க்கா. 'அடுத்த பொறப்பாவது நல்லாப் பொற சாமி'ன்னு சொல்லிட்டே போனீங்க. வேலைக்கு வந்த அன்னைக்கே கண்டுக்கிட்டேன். நீங்களா ஒரு நாளைக்குச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

மருதாள் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். வெட்கமாக இருந்தது. இத்தனை நாளாக வேலாத்தாளையா காப்பாற்றினாள்? தன்னைத்தான் காப்பாற்றிக்கொண்டாள்.

"என்ற புள்ள எப்படி இருந்துச்சுங்க?"

"தாங்குவியா கண்ணு?"

"சொல்லுங்க."

"பொட்டப்புள்ள. நல்ல நெறம். தலை நெறைய முடி."

"சுருட்டைங்களா?"

"சுருட்டை."

"அவங்கப்பனாட்டவே" என்ற வேலாத்தாள், அப்போதுதான் அழுதாள்.